பள்ளியோடு விடைபெறும் தலைமையாசிரியர் வெர்னா ஹோல்ட்காம்ப் அவர்களுக்கு

நெப்ராஸ்காவின் நெடுங்காற்றிலும் நிலைகுலையாத நெஞ்சினரே! கணக்கைக் கற்கண்டாக்கிக் கொடுத்த கனிவே! பல மொழிப் பிள்ளைகளையும் பரிவென்னும் ஒரே மொழியால் பிணைத்த பெருந்தகையே! கிரேன் ஹாலோ நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் வெர்னா ஹோல்ட்காம்ப் அம்மையீர்! வணக்கம்.

வாழ்த்த வந்தோம், வாய் வரவில்லை. பணி நிறைவு பெறுபவரை வழியனுப்பப் பின்னால் ஒரு பள்ளி இருப்பதுதான் வழக்கம். இன்றோ தங்களோடு பள்ளியும் அல்லவா புறப்படுகிறது! கோடை முடிந்தபின் இந்தக் கதவுகள் திறக்கப் போவதில்லை.

தாங்கள் கணக்கு ஆசிரியையாக வந்த நாளில் வகுப்பில் இருந்தவர்கள் சோளம் பயிரிடுவோரின் பிள்ளைகள். பின்னர் ஊரின் இறைச்சி ஆலை பெருத்தது. குவாத்தமாலாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஒவ்வொரு பெயரையும் தாயிடமே கேட்டு, தப்பாகச் சொல்லித் திருத்தப்பட்டு, வெட்கப்படாமல் மறுபடி சொல்லிக் கற்றீர்கள்.

அப்போதுதான் அந்த மதிப்பெண் வந்தது. வீடு வாங்குவோர் பார்க்கும் இணையதளத்தில் நம் பள்ளிக்குப் பத்துக்கு நான்கு. அதன் கீழே ஒரு வண்ண வட்டம்: இன்ன இனத்தார் இத்தனை விழுக்காடு. வட்டத்தைப் பார்த்தவர்கள் மதிப்பெண்ணைக் காரணம் காட்டி, பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். அவர்கள் போகப் போக மதிப்பெண் இரண்டுக்குச் சரிந்தது. மதிப்பெண் சரியச் சரிய, இருந்தவர்களும் போனார்கள்.

சோர்வறியாச் செயல் வீரரே! தாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டீர்கள். தங்கள் பழைய மாணவர் வேட் ப்ரூயிட்டின் வீட்டுக்கு எங்களில் இருவர் உடன் வந்தோம். பின்னம் புரியாமல் தவித்த சிறுவன் வேட்டுக்கு, டிராக்டரில் டீசல் அளவு காட்டும் முள்ளைக் காட்டி அரையும் காலும் புரியவைத்தவர் தாங்கள்.

"உள்ள வாங்க மிஸ், காப்பி போடறேன். ஆனா அந்தப் பேச்சு மட்டும் எடுக்காதீங்க" என்றார் வேட்.

"உன் பொண்ணை எங்ககிட்டயே விடு வேட். நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துப்பீங்கன்னு தெரியும் மிஸ். ஆனா நாளைக்கு அவ, 'ஏம்ப்பா என்னை ரெண்டு மார்க் ஸ்கூல்ல போட்டே'ன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"ரெண்டு மார்க்குன்னு யாரைச் சொல்றே? என்னையா?"

"ஐயோ, உங்களைச் சொல்லல மிஸ்."

"பின்ன யாரை?"

வேட் எழுந்து தங்கள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். தாங்கள் காப்பியை முழுவதும் குடித்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்தீர்கள்.

சென்ற வசந்தத்தில் மாநிலத் தேர்வு. பள்ளி மூடப்படாமலிருக்க நாம் தேறியே ஆகவேண்டிய கடைசித் தேர்வு அது. குளிர்காலத்தில் வந்து சேர்ந்த ஹோடன் என்ற சோமாலிச் சிறுமி கணக்கில் புலி. ஆங்கிலத்தில் தவழும் குழந்தை. மைதானத்தில் பார்வையாளர் அமரும் படியிருக்கைகளைப் பற்றி ஒரு கணக்கு. படியிருக்கைக்கான அந்த ஓர் ஆங்கிலச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. கண்காணித்தவர் தாங்கள்.

"மிஸ், இதுக்கு அர்த்தம் மட்டும் சொல்லுங்க. கணக்கு நானே போட்டுருவேன்."

"உன்னால முடிஞ்ச வரைக்கும் செய் கண்ணு" என்றீர்கள். விதி அனுமதித்த வாக்கியம் அது ஒன்றுதான். அவள் அந்த இடத்தை வெறுமையாக விட்டாள்.

பிறகு ஆசிரியர் அறையில் தாங்கள் உட்காரவே இல்லை. "ஜன்னலுக்கு வெளிய அதே இருக்கைங்க தெரிஞ்சுது. கையை நீட்டிக் காட்டியிருந்தாப் போதும். காட்டியிருந்தா மொத்த ஸ்கூலோட தேர்வும் செல்லாதுன்னு சொல்லியிருப்பாங்க. அதான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்" என்றீர்கள்.

நாம் தேறவில்லை. பள்ளியை மூடுவதென்று கல்விக் குழு முடிவெடுத்த கூட்டத்தில், தலைவர் தங்களைத் தேற்றுவதாக எண்ணிப் பேசினார்.

"கவலைய விடுங்க வெர்னா. பிள்ளைங்களைச் சுத்துவட்டாரத்துல நாலு ஸ்கூலுக்குப் பிரிச்சுட்டோம். எந்த வகுப்புலயும் சோமாலிப் பிள்ளைங்க பத்துப் பேருகூட வரமாட்டாங்க. அவ்வளவு கம்மியா இருந்தா அவங்க மார்க்கைத் தனியா வெளியிட வேண்டியதில்ல. அறிக்கையில அவங்க கட்டத்துல எண்ணுக்குப் பதிலா ஒரு நட்சத்திரக் குறி போட்டுருவாங்க. யாருக்கும் பாதகமில்ல."

தாங்கள் எழுந்தீர்கள். "மார்க் கம்மின்னாலும், இப்படிப் பிள்ளைங்க இருக்காங்கன்னு அதுல தெரிஞ்சுது. இனிமே அதுவும் தெரியாதா?"

தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார்: வாகன நிறுத்தத்துக்குத் தார் போடுவது. அது ஒருமனதாக நிறைவேறியது.

தளராது போராடித் தோற்றவரே! ஆம், தோற்றவர் என்றே சொல்கிறோம். வெற்றி என்று மாற்றிச் சொன்னால் தாங்களே எங்களைத் திருத்துவீர்கள். எங்களில் பலருக்கு அடுத்த வேலை எங்கே என்று தெரியாது. தட்டிய கதவுகளெல்லாம் சாத்திக்கொண்டன. தங்கள் உழைப்பில் குறையில்லை, ஆனாலும் பலனில்லை.

சென்ற வாரம் வகுப்பு வகுப்பாகச் சென்று, இனி யார் யாருக்கு எந்த பஸ் என்று தாங்களே சொன்னீர்கள். சேர்ந்தே வந்த தோழிகள் வெவ்வேறு எண்களைக் கேட்டுக் கைகோத்துக்கொண்டார்கள். தன் எண்ணைக் கேட்டுக்கொண்ட ஹோடன் கையைத் தூக்கினாள்.

"உங்களுக்கு எந்த பஸ் மிஸ்?"

"எனக்கு பஸ் இல்லம்மா."

"அப்ப எங்க பஸ்லயே வாங்க. இடம் இருக்கும்."

தாங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். மணி அடிக்கும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அம்மையீர்! உடல் நோயின்றி, உறக்கம் குறைவின்றி, நெடுங்காலம் நலமாக இருங்கள். தங்களுக்காக நாங்கள் கேட்கத் துணிவது இவ்வளவே. பிள்ளைகளுக்காக என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கலங்கிய கண்களுடன்,
கிரேன் ஹாலோ நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆசிரியர்களும் அலுவலர்களும்