பலகையில் பச்சை

காப்பி போதும், நன்றாகவே இருக்கிறது. கேளுங்கள், சொல்கிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியா மலையில் எங்கள் பனிச்சரிவு ஆய்வு நிலையத்தின் தகவல் பொறுப்பாளர் நான், கோலெட் பூராசா. அளப்பதையெல்லாம் ஒரே இணையப் பலகையில் பதியுங்கள் என்று மூன்று வருடம் கெஞ்சினேன். வகுப்பு எடுத்தேன், டோனட் வாங்கி வைத்தேன். டோனட் தீர்ந்தது, அளவுகள் அவரவர் சட்டைப்பை நோட்டிலேயே கிடந்தன. எல்லோரும் வெண்டெல் ஹ்ரின்சுக்கைப் பார்த்து நடப்பவர்கள். முப்பது வருடம் பனியைத் தோண்டிப் பார்த்தவர் அவர். அவர் பதியவில்லை, அதனால் யாரும் பதியவில்லை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, மலை உச்சியிலுள்ள குடிலிலிருந்து வெண்டெல் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"கோலெட், கிழக்குச் சரிவுல அடிப்பனி உப்பு மாதிரி உதிருது. ஒருத்தரையும் விடாதே."

"பலகையில போடுங்க, வெண்டெல்."

"அந்த எழவெல்லாம் எனக்கு வராதும்மா. நீயே தட்டி விடு."

அரை நிமிட வேலை. அதுவரை அவர் கூப்பிட்டுச் சொல்லும் எச்சரிக்கைகளை நான்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அன்று தட்டவில்லை.

எட்டரைக்கு டோரீன் பாஸ்க் வந்தாள், பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு. அங்கே எனக்கிருந்த ஒரே தோழி. பலகையை நம்பிய ஒரே ஆளும் அவள்தான்.

"கிழக்குப் பக்கம் பச்சை காட்டுதே. ஆபத்தில்லையே, போலாமில்ல?"

"பலகையில பச்சைதான்."

பொய்யில்லை. முந்தின நாள் அளவின்படி அது பச்சைதான்.

"கிழவர் ஏதாச்சும் முனகினாரா?"

"அவர் என்னைக்குப் பதிஞ்சிருக்காரு?"

சிரித்துக்கொண்டே போனாள். பதினொரு மணிக்குக் கிழக்குச் சரிவில் பனி சரிந்து இறங்கியது. அவள் உடலை எடுக்க இரண்டு நாள் ஆனது.

விசாரணையில், வெண்டெல் கூப்பிடவே இல்லை என்றேன். முதலில் கத்தினார். பிறகு, கூப்பிட நினைத்து மறந்துவிட்டேனோ என்று தடுமாறினார். இப்போது அதையே நம்புகிறார். தினமும் காலை ஏழு மணிக்குப் பலகையில் பதிந்து, இரண்டு முறை சரிபார்க்கிறார். அவரைப் பார்த்து மற்ற நிலையங்களும் பதிகின்றன. இரண்டு குளிர்காலமாக ஒரு சாவுகூட இல்லை.

அந்த வயர்லெஸ் பேச்சைப் பக்கத்து நிலையத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார் என்கிறீர்கள். கேட்டிருக்கட்டும். தெரிந்துதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

வருத்தமா? மூன்று வருடக் கெஞ்சலுக்கு அசையாதவர்கள் ஒரே காலையில் மாறினார்கள். டோரீன் நேர்மையான ஆராய்ச்சியாளர். இந்த முடிவை முன்பே காட்டியிருந்தால், அவளே கட்டைகளை மாட்டிக்கொண்டு போயிருப்பாள்.