வர்தியாலா வரிசை

— ஒப்புதல் தர மாட்டேன்னா தர மாட்டேன். சாய்லா, அந்த லேப்டாப்பை மூடிட்டு சவுனா நீராவிக் குளியல் அடுப்புக்கு விறகு போடு.

— விறகெல்லாம் போட்டாச்சுப்பா. லினக்ஸ்ல உங்க வரிசை இருக்கற ஃபைலுக்குப் பொறுப்பு நீங்க. நீங்க ஒப்புதல் போடாம யாரும் தொட மாட்டாங்க, அதான் வழக்கம். புது சிப்புல அது தப்பு பண்ணுது; ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் வரலைன்னா வர்தியாலா வரிசையையே தூக்கிடுவாங்க.

— தூக்கட்டும். தூக்கிட்டு எதை வைப்பாங்களாம்?

— பூட்டு போட்ட சாதா வரிசை. மெதுவா போகும், ஆனா தப்பு பண்ணாது.

— பூட்டா! சிப்புக்குள்ள வேலை செய்யற ஒரு கோர் உள்ள போனா மத்த கோரெல்லாம் வாசல்ல கை கட்டி நிக்கணும். அந்தக் கேவலம் வேண்டாம்னுதானே நான் இதை எழுதினேன்? என் பேர் இருந்த இடத்துல பூட்டைத் தொங்க விடுவாங்களா?

— அதான் சொல்றேன், நான் எழுதின திருத்தத்துக்கு ஒப்புதல் குடுத்துட்டா...

— திருத்தம்னா முதல்ல தப்பு இருக்கணும். கேட்டுக்கோ. ஒரு கோர் வரிசையில பொருளை, அதாவது டேட்டாவை, வைக்குது. வச்சப்புறம் 'தயார்'னு கொடியைத் தூக்குது. இன்னொரு கோர் கொடியைப் பாத்துட்டுப் பொருளை எடுக்குது. எங்க இருக்கு தப்பு?

— நீங்க எழுதின முன்பின் சரிப்பா. புது சிப் முன்பின் மாத்தாம அப்படியே செய்யும்னு யார் சொன்னா? அதுக்கு வசதின்னா கொடி முதல்ல தெரியும், பொருள் பின்னாடி வரும். எடுக்கறவனுக்குப் போன தடவை கிடந்த குப்பைதான் கிடைக்கும்.

— சொன்ன பேச்சு கேக்காத சிப். அதைச் செஞ்சவனைப் போய்த் திட்டு.

— அதைத்தான் நீங்களே மெயில் லிஸ்ட்ல எழுதிட்டீங்களே! 'உங்கள் சிப்பைத் திருத்துங்கள், அன்புடன் வர்தியாலா'ன்னு. எங்க ஆபீஸ்ல அதை பிரிண்ட் எடுத்து காபி மிஷின் மேல ஒட்டி வச்சிருக்கானுங்க.

— 'அன்புடன்'னு நான் எழுதல.

— அது அவங்களா சேத்தது. சரி, இங்க பாருங்க. புது சிப் போட்ட போர்டைக் கொண்டு வந்திருக்கேன். உங்க புரோகிராம்தான், ஒரு எழுத்துகூட மாத்தல. ஓட விடறேன்... விழுந்துருச்சு, பாதியிலேயே நின்னுருச்சு, பாத்தீங்களா?

— இரு, இரு. எப்ப விழுதுன்னு பாக்கணும். எடுக்கற இடத்துல ஒரு வரி சேரு. கொடியையும் பொருளையும் திரையில காட்டட்டும். ம், ஓட விடு. ... ஓடுதே!

— அப்பா...

— அட, ஓடுதுடி! காபி ஆறிப் போச்சு, இன்னும் ஓடுது! எங்க உன் தப்பு? கூப்பிடு அதை!

— திரையில எழுத நேரம் பிடிக்குதுல்ல, அதுக்குள்ள பொருள் வந்து சேந்துடுது. நீங்க எட்டிப் பாக்கறதாலதான் அது ஒழுங்கா நடக்குது. அந்த வரியை எடுத்துடறேன்... இந்தா, மறுபடி விழுந்துருச்சு.

— பழைய சிப்புல ஒரு நாளும் விழல. எங்கப்பா ரயில்வேல கொடி காட்டினவர். அவர் பச்சைக் கொடி காட்டினா தண்டவாளம் காலின்னு அர்த்தம். இந்தக் குடும்பத்துல எவனும் பொய்க் கொடி காட்டினதில்ல.

— இப்ப காட்டுதுப்பா. நம்ம பேரைப் போட்டுக்கிட்டே காட்டுது.

— ... குடு அந்தத் திருத்தத்தை. ஒத்துக்கறதுக்கு இல்ல. கிழிச்சு ஏரியில போடறதுக்கு.

— தாராளமா. சின்னதுதான்.

— வரிக் கடைசில ஒரு வெத்து இடைவெளி. இதுக்கே திருப்பி அனுப்புவேன்.

— எடுத்தாச்சு. அப்புறம்?

— வைக்கற பக்கம் பொருளுக்கும் கொடிக்கும் நடுவுல தடுப்பு போட்டிருக்க. பொருள் போய்ச் சேர்ற வரைக்கும் கொடி ஏறாது. சரி. எடுக்கற பக்கம் எங்க?

— அங்க எதுக்குப்பா?

— எதுக்கா? எடுக்கறவன் மட்டும் யோக்கியனா? அந்த சிப்புல அவன் அவசரத்துல பொருளை முதல்ல எடுத்து வச்சுக்கிட்டு, அப்புறம்தான் கொடியைப் பாப்பான். தடுப்புன்னா ஜோடியா இருக்கணும். ஒத்தையா போட்டா போடாத மாதிரிதான். இதைக் காட்டி ஒப்புதல் கேக்கவா தம்பெரேலேர்ந்து கார் ஓட்டிட்டு வந்த?

— அப்ப, தடுப்பு வேணும்னு ஒத்துக்கறீங்க.

— நான் எதையும் ஒத்துக்கல. உன் வேலை அரைகுறைன்னு சொல்றேன். இதை அப்படியே அனுப்பியிருந்தா மானம் போயிருக்கும்.

— மீதியை நீங்களே எழுதிடுங்களேன். கீபோர்டு இந்தா.

— மாட்டேன். நான் கை வச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஏன் சிரிக்கற?

— சிரிக்கலையே.

— உங்கம்மா சீட்டாட்டத்துல நல்ல சீட்டைக் கையில வச்சுக்கிட்டு இப்படித்தான் முகத்தைத் திருப்பிப்பா. இங்க பாரு. வர்தியாலா வீட்டுப் பொண்ணு ஒத்தைத் தடுப்பு போட மாட்டா. மீதியை எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?