மழை கல்லை மேலே கொண்டுபோகாது

ஆக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. இருந்தாலும் என்னிடம் பனி தள்ளும் பிளேட் ஒன்று இருக்கிறது. நான் வாங்கிய சின்ன டிராக்டரின் முன்பக்கத்தில் அது பூட்டியிருந்தது. விற்றவர் தெற்குத் தீவுப் பண்ணைக்காரர். இரண்டையும் பிரித்துத் தரமாட்டேன் என்றார். பின்னர் அது பயன்படத்தான் செய்தது.

சொந்த வார்த்தைகளில் எழுதித் தாருங்கள் என்றீர்கள். என் சொந்த வார்த்தைகள் தமிழில் இருப்பதால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் அவசரப்படாமல் செய்யட்டும்.

ஹென்டர்சன் புறநகருக்குப் பின்னால், தெருவிலிருந்து முந்நூறு மீட்டர் மேட்டில் ஏறிப்போகும் சரளைப் பாதை எங்களுடையது. எங்களுடையது என்றால் எனக்கும் தவராசாவுக்கும் பொது. என் வீடு கீழே, தெருவுக்குப் பக்கத்தில். அவருடைய வீடு உச்சியில். ஒவ்வொரு மழைக்கும் கல் கழுவுண்டு கீழே வந்துவிடும். நான் அதை டிராக்டரால் மேலே தள்ளிக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது பிளேடால் இழுத்துப் பரப்பிவிடுவேன். மூன்று வருடங்கள் செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு குறைவு. ஒரு வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பது பிடிக்கும்.

தொண்ணூற்றாறு தீபாவளிக்குத் தவராசா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பக்குரங்காவிலிருந்து வந்த ஒருவர், "பாதை நல்ல வடிவாய்க் கிடக்கு. ஆர் பாக்கிறது?" என்று கேட்டார்.

"எங்கட கவுன்சில்தான்," என்றார் தவராசா. "ஒரு ஃபோன்கூட அடிக்கத் தேவையில்லை. மழை விட்ட உடன ஆள் வந்திடும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் பாதி வடை இருந்தது. அதைச் சாப்பிட்டு முடித்தேன்.

அது தனியார் பாதை. தெருக்களைப் பராமரிக்கும் நகரசபையான கவுன்சில் ஒருநாளும் அங்கே வந்ததில்லை. இதைத் தகவலுக்காகச் சொல்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரேயொரு மாற்றம் செய்தேன். கல்லை முன்போலவே மேலே கொண்டுபோனேன். பரப்பவில்லை. அவருடைய வாசல் கேற்றடியில், கார் வெளியே வரும் இடத்தில் குவித்துவிட்டு வந்தேன்.

"ஏனப்பா, அவையின்ர கேற்றடியில கொட்டிப்போட்டு வாறியள்?" என்று என் மனைவி கௌரி கேட்டாள்.

"மிச்சத்தைக் கவுன்சில் பாக்கும்," என்றேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருவருமே அமைதியான ஆட்கள்.

தவராசாவுக்கு மவுண்ட் வெல்லிங்டனில் தொழிற்சாலை வேலை. காலை ஏழு மணிக்குக் கார் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே சவளோடு வந்து குவியலை அள்ளுவார். ஒருமுறை நான் டிராக்டரில் திரும்பும்போது கையைக் காட்டினார். "நாரி கவனம், குணமண்ணை," என்று தன் இடுப்பைத் தட்டிச் சிரித்தார். சவள் அவர் கையில், நான் இருக்கையில். கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருட மாசி மாதம்தான் அவருக்கு இருதயத்தில் பைபாஸ் செய்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஏற்றிவந்தவன் நான். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றேன். பிறகு ஒருநாள் டொரொண்டோவிலிருந்து என் மைத்துனர் ஃபோனில் கதைத்தார். "இஞ்ச விடிய எழும்பி ஸ்னோ அள்ளுற ஆக்கள் அப்பிடியே பொத்தெண்டு விழுந்து செத்துப்போறாங்கள், அத்தான். பாத்தால் பஞ்சு மாதிரித்தான் கிடக்கும்." ஃபோனை வைத்துவிட்டு, நனைந்த சரளை அதைவிட எத்தனை மடங்கு பாரம் என்று ஒரு கடிதாசியில் போட்டுப் பார்த்தேன்.

அவர் ஒருமுறை வாய் திறந்து கேட்டிருந்தால் பரப்பிவிட்டிருப்பேன். ஒவ்வொரு குவியலுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுத்தேன். எங்கள் சமையலறைச் சன்னலில் நின்றால் அவருடைய கேற் தெரியும். தேநீரோடு அங்கே காத்திருப்பேன்.

ஆவணி தொடக்கத்தில், பதினோராவது குவியலில், அவர் சவளைக் கல்லில் ஊன்றி அதன்மேல் சாய்ந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு படுத்தார். நான் தேநீரைக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தேன். அது வருவதற்குள் டிராக்டரைக் கிளப்பி, தெருவிலிருந்து பாதையைச் சீராக்கி வைத்தேன். ஆம்புலன்ஸ் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறிப்போனது. குவியலை மட்டும் தொடவில்லை. அவர் அதன்மேல் கிடந்தார்.

செத்தவீட்டில் தவராசாவின் மனைவி கண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"குணமண்ணை, அவர் உங்களைத்தானே கவுன்சில், கவுன்சில் எண்டு வாய் ஓயாமச் சொல்லுவார். ஆக்லாந்து முழுக்க அந்தப் பகிடிதான். இந்த முறை நீங்கள் பரப்பேல்லை எண்ட உடன, கவுன்சிலுக்கு நாரி நோவாக்கும், கேட்டால் மனுசன் நோவோட ஏறி வந்திடும், கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு சொல்லித் தானே அள்ளினவர்."

அதைப் பற்றி நிறைய யோசித்தேன். பகிடி என்றால் பகிடி என்று விளங்கும்படி சொல்ல வேண்டும். தெளிவாகப் பேசாதவர்களால்தான் இப்படியான சங்கடங்கள் வருகின்றன.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் உங்கள் மரண விசாரணை அறிக்கையை வாசித்துச் சொல்லும்படி கண்மணி கொண்டுவந்து தந்தாள். 'மழையில் அடித்துவரப்பட்ட சரளைக்கல்லை அகற்றும்போது' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கேற் உச்சியில் இருக்கிறது. மழை கல்லைக் கீழே கொண்டுவரும்; மேலே கொண்டுபோகாது. அங்கே வந்து அளந்து படம் பிடித்தவர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. முதலில் கவுன்சில், இப்போது மழை.

ஆகவே திருத்தம் கேட்டு நானாகவே வந்தேன். பதினொரு முறையும் கல்லை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான். அவர் அள்ளுவார் என்று தெரியும். அள்ளினால் என்ன ஆகும் என்றும் தெரியும். அறிக்கையில் 'மழை' என்று வரும் இடத்தில் என் பெயரைப் போடுங்கள். குணரத்தினம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து கே. இங்கே பலர் ஜி என்று போட்டுவிடுகிறார்கள்.