ஐநூற்று நாற்பது ஆம்பியர்

சைரன் அலறியபோது நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்துகொண்டிருந்தது. முழுதாக உரித்து முடித்த பிறகுதான் எழுந்தேன். குழிக்குள் கேபிள் வெடித்ததில் போன உயிரை நான் ஓடிப்போய் மீட்க முடியுமா, ஐயா?

விசாரணையில் முதலில் என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். மண்ணுக்கடியில் போகும் உயர் அழுத்த மின்கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கணக்கிடுவது என் தொழில். மின்சாரம் ஓடினால் கேபிள் சூடாகும். அந்தச் சூட்டை ஈர மண் வாங்கிக்கொள்ளும். காய்ந்த மண் கையை விரித்துவிடும். ஈர மண்ணுக்கு ஒன்று என்று எண் போடுவோம், காய்ந்ததற்கு இரண்டரை; எண் ஏறினால் கேபிள் தாங்கும் ஆம்பியர் இறங்கும். இருபத்திரண்டு வருடமாக நான் ஒன்றுதான் போட்டேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

பிறகு என் சகலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். புதுத் தடத்தில் அவரே குழி தோண்டி, மண்ணில் கம்பியைச் செருகி அளந்து, இரண்டரை என்றார். நான் சொன்ன எண்ணூறு ஆம்பியர் ஐநூற்று நாற்பதாகச் சுருங்கியது. மேலதிகாரி முன்னால், "அண்ணன் சொன்னதும் தப்பில்ல சார், மழை பெஞ்சா சரியா வரும்" என்று எனக்குப் பரிந்து வேறு பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமனார் வீட்டில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. சகலை வந்தால் மாமனார் எழுந்து இடம் கொடுப்பார். நான் வந்தால் பேப்பரைப் புரட்டுவார். "தங்கச்சி வீட்டுக்காரர் மண்ணைத் தொட்டே சொல்லிடுறாராம். நீங்க புத்தகத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டே இருங்க" என்றாள் என் மனைவி. தப்பாக நினைக்காதீர்கள், நான் பொறாமைக்காரன் அல்ல. அந்த நாற்காலியில் அவர் இதுவரை பதினேழு முறை உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. களத்துக்குக் கிளம்புகிறவர் வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போவார். உடன் வேலை செய்பவர் கணக்கைச் சரிபார்த்து, அந்தத் தாளிலேயே அச்சடித்து அனுப்புவார். சகலை தன் தாளை என்னைத் தவிர யாரிடமும் கொடுக்க மாட்டார். நான் இரண்டரையை எடுத்துவிட்டு ஒன்று போட்டேன். கட்டுப்பாட்டு அறைக்கு எண்ணூறு என்று போனது. கையெழுத்து அவருடையதுதானா என்று கேட்டீர்கள். அவருடையதுதான். கேபிள் கெட்டால் அவர் மூக்கு உடைபடும். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

கோடையில் லோடு ஏறியது. மண் இன்னும் காய்ந்தது. அன்று மதியம், கேபிளை இணைத்திருக்கும் குழியிலிருந்து கருகல் வாடை வருவதாகத் தகவல் வந்தது. சகலைதான் போனார். குழியின் மூடியைத் திறந்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, உள்ள அனல் அடிக்குது. ஐநூத்தி நாப்பதுக்கு மேல போகுதா? லைனை நிறுத்தச் சொல்லிட்டு இறங்கவா?"

என் மேசைத் திரையில் எழுநூற்று எண்பது ஓடிக்கொண்டிருந்தது. சாய்வு நாற்காலியைப் பற்றியெல்லாம் அப்போது நான் நினைக்கவே இல்லை, ஐயா. ஆரஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னேன்:

"ஐநூறுகூட இல்ல தம்பி. நீங்க போட்ட கணக்குதானே, நம்பி இறங்குங்க."