பெட்டிக்காரன் வேலை

இந்த நாற்காலி ஆடுது சார். முன்னங்கால் ஒண்ணு ஒரு நூல் குட்டை. அட்டைய மடிச்சு அடியில வச்சா நின்னுரும். இருக்கட்டும், நான் வச்சுக்கிறேன், நீங்க எழுதுங்க.

பேரு சோணைமுத்து. வயசு அம்பத்திநாலு. பழங்காநத்தத்துல பழைய டிராக்டருக்கு வேலை பார்க்குற பட்டறை. பட்டறைன்னா ஆளு ரெண்டே பேருதான், நானும் கருப்பும். கருப்பு எஞ்சின்காரன், நான் பெட்டிக்காரன். பெட்டின்னா கியர்பாக்ஸ். மூணு வாரத்துக்கு முன்னாடி வண்டியூர் தாண்டி ஒரு கண்மாய்க் கரையில டிராக்டர் கவுந்து கருப்பு செத்தான்ல, அதுல பிரேக் பிடிக்கலன்னு இந்த ஸ்டேஷன்ல எழுதியிருக்கீங்க. அது தப்பு. செத்தவன் பேரு கெட்டுப்போகக் கூடாதுல்ல, அதான் நானா கிளம்பி வந்தேன்.

எஞ்சின் வேலை இருக்கே, அது சத்தமான வேலை சார். சாவியத் திருகுனா ஊருக்கே கேட்கும். பொம்பளைக அடுப்பப் போட்டுட்டு வந்து நிப்பாக. பெட்டி அப்படியில்ல. ஒழுங்காப் பார்த்த பெட்டியில சத்தமே வராது. சத்தம் வந்தா அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அப்ப பெட்டிக்காரன் பேரு எப்ப வெளிய வரும்? அவன் வேலையில கோளாறு வந்தாத்தான் வரும். முப்பது வருசத்துல என் வேலையில ஒரு கோளாறு வந்ததில்ல.

எங்க தொழில்ல ஒரு வழக்கம் வச்சிருக்கோம். வேலை முடிஞ்ச வண்டி முதல்ல ஒரு டிரெய்லர் கண்மாய் மண்ணு அள்ளிட்டு வந்து சொந்தக்காரரு வயல்ல கொட்டணும். எஞ்சின்காரன்தான் ஓட்டுவான். பெட்டிக்காரன் பின்னாடியே நடந்து, பல்லு உரசுதா, என்னமும் சத்தம் வருதான்னு காதக் கொடுத்துக்கிட்டே வரணும். மண்ணக் கொட்டுனதும் ஓட்டிட்டு வந்தவனுக்குத் துண்டு போடுவாக. நடந்து வந்தவனுக்கு டீ. கருப்பு வீட்டுல ஒரு டிரங்குப் பெட்டி நெறயத் துண்டு கிடக்கு, போயிப் பாருங்க.

கருப்பு கெட்டவன்னு நான் சொல்லல. தங்கமான பய. துண்டு விழுந்ததும், "எல்லாம் மாப்ளயும் நானும் சேந்து பார்த்ததுதாண்ணே"ம்பான். சொல்லிக்கிட்டே துண்டத் தோள்ல நல்லா இழுத்து விட்டுக்கிருவான். இந்தக் கூத்த முப்பது வருசம் பார்த்தாச்சு.

கவுந்த வண்டி பால்பாண்டியோடது, தை மாசம் பட்டறைக்கு வந்துச்சு. அம்பது வருசத்துக்கு மேலான வண்டி. அவங்க அப்பா ஒரு பண்ணையில கூலிக்கு ஓட்டுனது. ஓட்டலாம், ஆனா அது மேல உக்காந்து சோத்துச் சட்டியத் திறக்கக் கூடாதாம், அப்படி ஒரு பண்ணை. இன்னைக்கு அந்தப் பண்ணை பிளாட்டாப் போயிருச்சு, வண்டி கருவேலங்காட்டுல துருவேறிக் கிடந்துச்சு. பால்பாண்டி வாங்கிட்டு வந்துட்டாரு. அவரு மக பவதாரிணி, விவசாயக் காலேஜ் படிக்கிற பிள்ள, வாரத்துக்கு ரெண்டு தடவ பட்டறைக்கு வந்து வண்டியத் தொட்டுப் பார்த்துட்டுப் போகும்.

கருப்பு எஞ்சின மூணு வாரத்துல முடிச்சுட்டான். எனக்கு மூணு மாசம் ஆச்சு. பெட்டியத் திறந்தா எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கிடக்கு. டீசல்ல ஊறப் போட்டு ஒவ்வொரு பல்லாத் தேச்சேன். தேஞ்ச பல்லுக்கு மாத்துச் சாமான் எங்கயும் கிடையாது. காளவாசல்ல ஒரு லேத்துல புதுசா வெட்டினோம், அதுக்கு மட்டும் ஒம்போது நடை. காகிதம் கனத்துல தகடு வச்சு, எடுத்து, மறுபடி வச்சு, கையால சுத்திவிட்டா மூச்சு விடுற சத்தம்கூட வராத அளவுக்குக் கொண்டுவந்தேன். நான் பார்த்ததுலயே நல்ல பெட்டி அதுதான் சார். இதச் சொல்றதுக்கு எனக்குக் கூச்சம் இல்ல.

அப்புறம் அந்த வீடியோ. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுன அன்னைக்கு அந்தப் பிள்ளதான் போன்ல எடுத்துச்சு. 'எஞ்சின் டாக்டர் கருப்பு'ன்னு பேரு போட்டு விட்டுருச்சு. எங்கெங்க இருந்தோ அம்புட்டுப் பேரு பார்த்திருக்காய்ங்க. நான் பக்கத்துல நின்னு விளக்குப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன், அதுல என் முழங்கை மட்டும் வருது. கீழ எழுதியிருந்ததையெல்லாம் ஒண்ணு விடாம வாசிச்சேன். வாசிச்சு முடிக்க ரெண்டு நாளு ஆச்சு. பெட்டின்னு ஒரு பய எழுதல. ஒருத்தன் மட்டும், "அந்தக் கை யாருது"ன்னு கேட்டிருந்தான். அதுக்கு யாரும் பதில் சொல்லல.

இப்ப ஒரு சின்ன விசயம் உங்களுக்கு விளங்கணும். கியர் லீவரத் தள்ளுனா உள்ள ஒரு கம்பி நகரும். கம்பியில ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்துல ஒரு இரும்புக் குண்டு, சுண்டைக்காய் அளவு, மேல ஒரு ஸ்பிரிங். குண்டு பள்ளத்துல உக்காந்தாத்தான் போட்ட கியர் போட்ட இடத்துல நிக்கும். லீவரத் தள்ளும்போது கையில கொஞ்சம் கடினமா இடிக்கும்ல, அது அந்தக் குண்டுதான். குண்டு இல்லாட்டியும் வண்டி ஓடும். சமதரையில ஓடும், மேட்டுல ஏறும். இறக்கத்துல பின்னாடி பாரம் தள்ளும்போதுதான் கியர் நழுவி வெளிய வந்துரும்.

வீடியோவுக்குக் கீழ இருந்தத வாசிச்சு முடிச்ச மறுநா காலையில மூடி போடுறப்ப, பாரத்தோட ஓட்டுற ரெண்டாவது கியர்க் குண்ட எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். கோபம் எல்லாம் இல்ல. கோபத்துல வேலை பார்த்தா கை நடுங்கும். போல்ட்டு எட்டையும் முறையா இறுக்கிட்டுத்தான் டீக் குடிக்கப் போனேன்.

மண்ணு எடுக்குற அன்னைக்கு ஊரே கண்மாய்க்கு வந்துருச்சு. டிரெய்லர்ல மண்ணு ஏத்தியாச்சு. கருப்பு ஏறி உக்காந்து லீவரப் போட்டுப் பார்த்துட்டு என்னையப் பார்த்துச் சிரிச்சான். பவதாரிணியும் மட்கார்டுல ஏறணும்னு நின்னுச்சு. பால்பாண்டி கருப்பக் கேட்கல, என்னையக் கேட்டாரு.

"அண்ணே, பிள்ள ஏறிக்கிறட்டுமா? ஒண்ணும் செய்யாதுல்ல?"

முப்பது வருசத்துல ஒரு வண்டிக்காரரு என்கிட்ட வந்து கேட்டது அன்னைக்குத்தான். "தாராளமா ஏறட்டும், பெட்டி நல்லா இருக்கு"ன்னேன். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்பாரு சார். என்னன்னு சொல்றது?

கரை ஏறுற வரைக்கும் ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் இறங்க ஆரம்பிச்சதும் 'டக்'னு ஒரு சத்தம். அம்புட்டுக் கூட்டத்துல அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. கருப்பு லீவரத் திரும்பத் தள்ளுறான், பல்லு கரகரன்னு கத்துது. எந்திரிச்சு நின்னு ரெண்டு காலாலயும் பிரேக்க மிதிக்கிறான். நல்ல பிரேக்குதான் அது. ஆனா அந்த இறக்கத்துல, பின்னாடி அம்புட்டு மண்ணு தள்ளும்போது, எந்தப் பிரேக்குக்கும் வண்டி நிக்காது. கியர்தான் பிடிக்கணும். அவன் ஒரு தடவ திரும்பி என்னையப் பார்த்தான். "மாப்ள, பெட்டி"ன்னான். அவன் குதிச்சிருக்கலாம். பிள்ளையத்தான் தள்ளிவிட்டான். அது டிரெய்லர் டயருக்குப் பக்கத்துல விழுந்துச்சு, வலது காலு முழங்காலோட போயிருச்சு. வண்டி மடையில மோதிக் கவுந்துச்சு. நான் ஓடல. ஓடி ஆகப்போறது ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்ல.

அதோட எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன். இனிமேலாவது பெட்டின்னா என்னன்னு நாலு பேரு பேசுவாய்ங்கன்னு நெனச்சேன். வண்டியச் சோதிக்க வந்த ஆபீசரு பிரேக் கம்பியப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, பிரேக் போச்சுன்னுட்டாரு. பெட்டி மூடியத் திறக்கவே இல்ல. பிரேக் கருப்பு மாட்டுனது. சாவு வீட்டுல அவன் பொண்டாட்டி முத்துமீனா என் கையப் பிடிச்சுக்கிட்டு, "பிரேக்க ஒழுங்கா மாட்டாமப் போயிட்டாரேண்ணே, ஊர்ப் பிள்ள காலு போச்சேண்ணே"ன்னு கதறுச்சு. பால்பாண்டி சாவுக்கே வரல. ஊருக்குள்ள வாயத் திறந்தா கருப்பு, கருப்பு, கருப்புதான். செத்தும் அந்த வண்டி அவன் வண்டியாத்தான் இருக்கு. எனக்கு அது பொறுக்கல சார், ஒத்துக்கிறேன்.

நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். பிள்ள முகத்துல ரத்தமே இல்ல. என்னையப் பார்த்ததும் அழுதுச்சு. அழுதுக்கிட்டே சொல்லுச்சு.

"கரை ஏறும்போது கருப்பு அண்ணே உங்களத்தான் சொல்லிக்கிட்டு வந்தாரு. இம்புட்டு லேசா கியர் விழுந்து நான் பார்த்ததே இல்ல பாப்பா, லீவரு வெண்ணெய்யில போற மாதிரி போகுது, சோணை கைக்கு ஈடே கிடையாது, இந்தத் தடவ துண்டு அவனுக்குத்தான்னாரு."

"இன்னொரு தடவ சொல்லும்மா"ன்னேன். சொல்லுச்சு. மூணாவது தடவையும் கேட்டேன். அதுக்கு மூச்சு வாங்குச்சு, ஆனாலும் சொல்லுச்சு. சாத்துக்குடிய உரிச்சு வச்சுட்டு வந்தேன்.

இந்தாங்க, தீப்பெட்டிக்குள்ள இருக்கு குண்டு. நான்தான் எடுத்தேன், நான்தான் கொன்னேன். பிரேக்னு எழுதுனத அடிச்சுட்டு, கியர்பாக்ஸ், சோணைமுத்துன்னு போடுங்க. மூடியத் திறந்து உள்ள பாருங்க, இந்த ஒண்ணத் தவிர ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. கருப்பு சொன்னதையும் ஒரு வரி சேத்துக்கங்க, லேசா விழுந்துச்சுன்னான்ல, அத. நான் மட்டும் குண்ட ஒழுங்காப் போட்டிருந்தா லீவரு கொஞ்சம் கடினமாத்தான் விழுந்திருக்கும், அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டான் சார்.