தாளுக்கு அடியில் துளிகள்

அந்தக் குளியலறை டைல்ஸ் வெளிர்பச்சையா, சாம்பலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பச்சை என்றுதான் நினைக்கிறேன். நிறங்கள் என் மனதில் நிற்பதில்லை. யார் முதலில் சிரித்தார்கள், யார் பிறகு சிரித்தார்கள் என்பதிலும் எனக்குக் குழப்பம் உண்டு. எழுதிக்கொள்கிற உங்களுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

வீடுகளில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் தொழில். டைல்ஸ் இடுக்கில் பூசிய பூச்சு கறுத்துப்போனால், அழுக்கு என்று நினைத்து ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கப் பூச்சு கரைந்து இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். ஈரக் கறுப்பு ஓர் இடத்தில் தொடங்கிப் பரவும். குளித்து இரண்டு நாள் ஆனாலும் காயாது. தொடங்கிய இடத்தைத் தேடிப் போகப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு.

அண்ணனுக்குக் கிடையாது. அவர் டைல்ஸ் ஒட்டும் காண்ட்ராக்டர், ஆறு பேரை வைத்து வேலை வாங்குபவர். நான்கு வருடங்களுக்கு முன் தன் வீட்டு மாடியில் குளியலறை கட்டினார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையில் தண்ணீர் கட்டி மூன்று நாள் விட வேண்டும். மட்டம் இறங்காவிட்டால்தான் ஒட்டலாம். நான் சாயங்காலம் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. காட்டினேன்.

"ஆவியாப் போயிருக்கும்டா. வெயில் என்ன போடு போடுது பாத்தியா?"

"ராத்திரி அடிச்ச வெயிலா அண்ணே?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"இவரு சுவத்து வைத்தியருப்பா. செங்கல்லுக்கு நாடி பிடிச்சு, சிமெண்டுக்குக் கஷாயம் எழுதிக் குடுப்பாரு. டேய், என்னைக்காவது கையில கரண்டி பிடிச்சிருக்கியா நீ?"

இந்த முறை இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மத்தியானமே தண்ணீரை வடித்துவிட்டு ஒட்டத் தொடங்கினார். பெயர் ஒட்டிக்கொண்டது. முன்பின் தெரியாதவர்கள் போனில், "சுவத்து வைத்தியருங்களா?" என்று கேட்டார்கள். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அப்போது எட்டு மாதம் அண்ணனிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

போன வருடம் அண்ணி கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன். எங்க ரூம் சீலிங்ல பழுப்பா ஒரு கறை. உங்க அண்ணன் அழுக்குங்கிறார். அழுக்கு சீலிங்குக்கா ஏறும்?"

அந்த அறைக்கு நேர் மேலேதான் குளியலறை. வாசலில் அண்ணன், "வாங்க வைத்தியரே, நோயாளி மாடியில இருக்கு," என்றார்.

மாடித் தரையில் டைல்ஸின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரு நாள் யாரும் குளிக்க வேண்டாம் என்றேன். தாளின் மேல் நீர் கோத்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. அடியில் கோத்தால் தளத்துக்குள்ளேயே தண்ணீர் நிற்கிறது. மறுநாள் துளிகள் அடியில் இருந்தன. கீழே வந்து கூரையை உளிப்பிடியால் தட்டினேன். ஒரு குடை அகலத்துக்கு வெற்றுச் சத்தம். கறையின் பழுப்பு, துருவின் நிறம். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே கட்டில்.

அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்காகவே காபி குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் அண்ணியிடம், "என்ன சொல்றாரு உன் வைத்தியரு?" என்றார்.

"ஆவிதான் அண்ணி," என்றேன். "சுடுதண்ணி ஆவி. ஜன்னலைத் திறந்து வச்சுக் குளிங்க, போதும்."

அண்ணன் தொடையில் தட்டினார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, ஆவின்னு!"

கறை அப்படியே இருந்தால் வேறு யாரையாவது கூப்பிட்டுக் காட்டுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய், கறையை லேசாகச் சுரண்டி, ஈரம் வெளியே தெரியாத கனமான பெயின்டை இரண்டு கோட் அடித்தேன். அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கும் கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டுடட்டுமா தம்பி?"

"வேண்டாம் அண்ணி. இங்கதான் காத்து நல்லா வருது."

அவர் நகர்த்தவில்லை. அந்த வீட்டில் என் பேச்சை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

யாருக்கும் அடிபட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கூரை விழ வேண்டும்; விழுந்ததும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, நீ சொன்னதுதான்டா சரி என்று சொல்ல வேண்டும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். விழுந்தது ஒரு பிற்பகலில். அண்ணன் மாடியில் குளித்துக்கொண்டிருந்தார். அண்ணி தலைவலி என்று கீழே படுத்திருந்தார்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் அண்ணன் சொன்னது உங்கள் காகிதங்களில் இருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன். "தம்பி வந்து பாத்தான் சார். அவனுக்கு அவ்வளவெல்லாம் தெரியாது. நான் சொன்னதையே அவனும் சொல்லிட்டான். கட்டினவன் நான், தப்பு என்னுது. அவனை விட்டுடுங்க, பாவம்."

அதிகாரி போன பிறகு அண்ணனிடம், "எனக்குத் தெரியும் அண்ணே. எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னேன்," என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"போடா. உனக்கு எங்கடா தெரிஞ்சிருக்கப் போவுது. நீயும் மனசைப் போட்டு வதைச்சுக்காத."

அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் இன்று காலை இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். இது என் குறிப்பேடு. தேதி, ஈரம் அளக்கும் மீட்டர் காட்டிய அளவு, துளிகள் தாளுக்கு அடியில் இருந்தது, கம்பியில் துரு, ஆறு மாதத்துக்குள் விழும் என்பது, எல்லாம் அன்றே என் கையெழுத்தில் எழுதியது. ஐந்து மாதத்தில் விழுந்தது.

அண்ணி அங்கேயே இறந்துவிட்டார். அவர்கள் மகள் விடுதியிலிருந்து வீட்டுக்கு வருவதில்லை. அண்ணன் ஆட்களை அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மாமியார் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறார். நான் இங்கே உங்கள் எதிரில் இருக்கிறேன். எந்தத் தண்டனையானாலும் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் அண்ணனைக் கூப்பிட்டு, தம்பிக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். நீங்கள் சொன்னால் நம்புவார்.