ஜாடித் தண்ணீர்

வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது, ஒரு கண்ணாடி ஜாடியைக் கழுவிக் குடிதண்ணீர் நிரப்புவது. சுத்தம் என் பிறவிக்குணம்.

எங்களுடையது புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து செய்யும் ஆலை. கழிவுநீரில் அந்த மருந்தும் கொஞ்சம் கலந்திருக்கும். அப்படியே வாய்க்காலுக்குப் போனால், அங்குள்ள கிருமிகளுக்கு மருந்து பழகிப்போய், பிறகு அவை எதற்கும் அடங்கா. அதனால்தான் என் அறையில் புற ஊதா விளக்குகள். தண்ணீர் அவற்றைக் கடக்கும்போது ஒளி மருந்தை உடைத்துவிடும். ஒளி போதுமா என்று தண்ணீருக்குள் ஒரு சென்சார் பார்க்கும். போதவில்லை என்றால் ஆலை தானாக நின்றுவிடும்.

தண்ணீர் கலங்கலாக வரத் தொடங்கியதும் ஒளி புகாமல் ஆலை அடிக்கடி நின்றது. "உங்க ரூமாலதான் எல்லாருக்கும் வேலை போகப்போகுது" என்றார் மேலாளர். நியாயமான மனிதர். சென்சாரைக் கழற்றி ஜாடியில் போட்டேன். பக்கத்தில் உதிரி விளக்கு ஒன்றை எரியவிட்டேன். முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைக்கிறார்கள், இது விரல் நீளம்தான். அப்புறம் ஆலை நிற்கவில்லை. "உங்க கைராசி" என்றார்.

வாய்க்காலின் கீழ்ப்பக்கம் என் தங்கை வீடு. அவள் கணவர் கீரை போட்டிருந்தார்.

"மச்சான், இந்தத் தண்ணிய நம்பலாமா? இல்ல, போர் போடட்டுமா?"

"வீண் செலவு எதுக்கு மாப்ள? நான்தான அங்க இருக்கேன்."

பாத்தி வெட்டும்போது மண்வெட்டி அவர் காலில் பட்டது. சின்னக் காயம். அதோடு வாய்க்காலில் இறங்கியிருக்கிறார். கால் வீங்கிக் கறுத்தது. டாக்டர் மருந்து மாற்றி மருந்து கொடுத்தார். கடைசியாகக் கொடுத்தது எங்கள் ஆலை மருந்து.

"அண்ணா, இதாவது கேக்குமா?" என்றாள் தங்கை.

"கேக்கும்மா" என்றேன். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. மாப்பிள்ளை போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்து ஜாடி முன் நின்றேன். சென்சாரைத் திரும்ப வைத்தால் ஆலை நிற்கும். எத்தனை நோயாளிகளுக்கு மருந்து போகாது என்று யோசித்துப் பாருங்கள். ஜாடித் தண்ணீர் மங்கினாலும் சென்சார் ஆலையை நிறுத்திவிடும், அதை மட்டும் மாற்றினேன்.

புண்ணைத் துடைத்துக் கட்டிய தங்கைக்கு இப்போது கை வீங்கியிருக்கிறது. நேற்றுப் பார்க்கப் போனேன். "அண்ணா, அந்தத் தண்ணியில ஏதாவது இருக்குமோ?" என்றாள்.

"நான்தானம்மா அங்க இருக்கேன்" என்றேன். நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

ஆமாம், ஜாடியை வைத்தது நான்தான். வேறு யாருக்கும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி செய்யுங்கள். விசாரணைக்கென்று காலையிலிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். யாரையாவது அனுப்பி அந்தத் தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள். தங்கைக்கு மருந்து வேண்டும், ஆலை நின்றுவிடக் கூடாது.